சாலையில் பிழைக்கும் வெள்ளிக் கூண்டுகள்

பிக்கப் லாரியின் பின்தொட்டிக்குள் இறக்கிப் பொருத்திக்கொள்ளும் சின்ன வீட்டை அமெரிக்காவில் டிரக் கேம்பர் என்கிறார்கள். அது வண்டியோடு சேர்த்துக் கட்டியதல்ல. மூலைகளில் ஜாக் கொடுத்துத் தூக்கி நிறுத்திவிட்டு லாரியை ஓட்டிக்கொண்டு கடைக்குப் போய்வரலாம். வீடு நின்ற இடத்திலேயே நிற்கும். படுக்கை, ஓட்டுநரின் தலைக்கு மேலே லாரிக் கூரையின்மீது நீட்டிக்கொண்டிருக்கும். உள்ளே ஒரு காஸ் அடுப்பு, பாத்திரம் கழுவும் தொட்டி, குளிர்பெட்டி, பகலில் சாப்பாட்டு மேசையாகவும் இரவில் கட்டிலாகவும் மாறுகிற ஒரு மூலை. 1950-களின் பிற்பகுதியிலிருந்து 1970-களின் தொடக்கம்வரை இவற்றுக்குப் பெரிய கிராக்கி இருந்தது. பெரும்பாலானவை மரச்சட்டத்தின்மேல் மெல்லிய தகடு போர்த்தியவை. ஒரு சிறு பிரிவு மட்டும் ஆகாய விமானத்தின் உடலைப்போல அலுமினிய விலா எலும்புகளும் அலுமினியத் தோலுமாக, ரிவெட் அடித்துச் செய்யப்பட்டது. அரை நூற்றாண்டு கழித்து, களஞ்சியங்களிலும் வயலோரங்களிலும் கிடக்கும் அந்தக் கூண்டுகளைத் தேடிப்பிடித்துச் சீர்செய்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் ஒரு சாரார் கண்ணாடிபோல மெருகேற்றிப் பார்வைக்கு வைக்கிறார்கள். இன்னொரு சாரார் லாரியில் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போகிறார்கள். இந்த இரண்டாவது வழிதான் கூண்டைக் காப்பாற்றும் வழி என்பது என் கட்சி. பயணத்தில் சுகம் இருக்கிறது என்பதற்காகச் சொல்லவில்லை. இந்தக் கூண்டு எதனால் கெடுகிறது, எதனால் நிலைக்கிறது என்று பார்த்தால் அந்த முடிவுக்குத்தான் வர வேண்டியிருக்கிறது.

இந்த வடிவம் பிறந்தது விமானப் பட்டறையில். சார்லஸ் லிண்ட்பெர்க் 1927-இல் அட்லாண்டிக் கடலைத் தனியாகக் கடந்த விமானம் சான் டியேகோவில் உருவானபோது அந்தப் பட்டறையை மேற்பார்த்தவர் ஹாலி போலஸ். கிளைடர் செய்வதில் கைதேர்ந்தவர். 1934-இல் அதே கைத்திறனைக் கொண்டு, காற்றைக் கிழித்துப் போகும்படி உருண்டு திரண்ட, வண்டிக்குப் பின்னால் இழுத்துச் செல்லும் அலுமினிய டிரெய்லர் ஒன்றைச் செய்தார். ‘ரோட் சீஃப்’ என்ற அந்த வண்டி வியாபாரமாக நிலைக்கவில்லை. ஆனால் அதன் அமைப்பை வாலி பையம் எடுத்துக்கொண்டு 1936-இல் ‘ஏர்ஸ்ட்ரீம் கிளிப்பர்’ என்று வெளியிட்டார். பிறகு உலகப்போர் வந்தது. அலுமினியம் முழுவதும் விமானங்களுக்குப் போயிற்று. போர் முடிந்ததும் நிலைமை தலைகீழானது. ஆலைகளில் தகடு இருந்தது, ரிவெட் அடிக்கத் தெரிந்த ஆட்கள் இருந்தார்கள், விமானத்துக்கு ஆர்டர் இல்லை. ஊரெங்கும் வீட்டுப் பஞ்சம். எண்ணெய் முதலாளி ஜே. பால் கெட்டியின் கையிலிருந்த ஸ்பார்ட்டன் விமானக் கம்பெனி, ஓக்லஹோமாவின் டல்சா நகரில், விமானத்தை விட்டுவிட்டு டிரெய்லர் வீடுகள் செய்யத் தொடங்கியது இந்தச் சூழலில்தான். 1950-களின் நடுவில் மிச்சிகன் ஏரிக்கரையிலுள்ள பென்டன் ஹார்பரில் ஏவியான் என்ற கம்பெனி கிளம்பியது. டிரெய்லர்கள் செய்துவந்த அந்தக் கம்பெனி 1960-களில் அதே ரிவெட் முறையில் சி-10, சி-11 என்ற டிரக் கேம்பர்களையும் செய்தது. பழைய அலுமினிய டிரக் கேம்பர் என்றால் விஷயம் தெரிந்தவர்கள் முதலில் நினைப்பது அவற்றைத்தான்.

சாலைகளும் அப்போது மாறிக்கொண்டிருந்தன. மாநிலங்களை இணைக்கும் பெரும் நெடுஞ்சாலைகளுக்கான சட்டம் 1956-இல் நிறைவேறியது. அதே ஆண்டு தேசியப் பூங்காக்களில் சாலைகளும் முகாமிடங்களும் அமைக்க ‘மிஷன் 66’ என்ற பத்தாண்டுத் திட்டம் தொடங்கியது. டிரெய்லரை இழுத்துக்கொண்டு போகிறவருக்கு ரிவர்ஸ் எடுப்பது பெரும்பாடு. மண்சாலையிலும் மலைப்பாதையிலும் அது சுமை. கேம்பரோ லாரியின் நான்கு சக்கரத்துக்குள் அடங்கிவிடும், பின்னால் படகு கட்டி இழுக்கவும் இடம் விடும். கிராக்கியைப் பார்த்து ஃபோர்டு நிறுவனம் 1960-களில் ‘கேம்பர் ஸ்பெஷல்’ என்ற பெயரிலேயே லாரிகளை விற்றது. எழுத்தாளர் ஜான் ஸ்டைன்பெக் 1960-இல் தன் நாயை ஏற்றிக்கொண்டு நாட்டைச் சுற்றிவந்ததும் ஒரு ஜிஎம்சி பிக்கப்பில் பொருத்திய கேம்பரில்தான். டான் கிஹோத்தேயின் குதிரையான ரோசினாந்தேயின் பெயரை அந்த வண்டிக்கு வைத்திருந்தார். அந்தப் பயணத்தைப் பற்றி 1962-இல் அவர் வெளியிட்ட நூல் டிரக் கேம்பருக்கு இலக்கியத்திலும் ஓர் இடத்தைத் தேடித்தந்தது.

கட்டுமானத்தைப் புரிந்துகொண்டால்தான் மற்றவை விளங்கும். கரூரில் பஸ்ஸுக்குக் கூண்டு கட்டுவதைப் பார்த்தவர்களுக்கு இதில் பாதி தெரிந்திருக்கும். சட்டத்தை எழுப்பி, மேலே தகடு போர்த்தி, ரிவெட் அடிக்கிறார்கள். அங்கே எடையைச் சுமப்பது முக்கியமாகச் சட்டம். தகடு அதன் போர்வை. விமான முறையில் தகடும் சுமக்கிறது. முக்கால் மில்லிமீட்டரைக் கொஞ்சம் தாண்டிய கனம்தான், கையால் வளைத்தால் வளையும். அதே தகட்டை வளைந்த விலாக்களின்மேல் இழுத்து, நெருக்க நெருக்கமாக ரிவெட் அடித்துவிட்டால், முறுக்கும் விசை ஒரு புள்ளியில் நிற்காமல் தோல் முழுவதும் பரவிவிடுகிறது. அலுமினியத்தின் எடை இரும்பின் எடையில் மூன்றில் ஒரு பங்கு. மூலைகளை உருட்டியிருப்பதும் அழகுக்காக மட்டுமல்ல. கூர்மூலையில் குவியும் விசை வளைவில் வழிந்து போய்விடும். பையம் தலைமையில் நாற்பதுக்கும் மேற்பட்ட டிரெய்லர்கள் 1959-60-இல் கேப்டவுனிலிருந்து கெய்ரோவரை ஆப்பிரிக்காவின் குறுக்கே போனது விளம்பரத்துக்காகச் செய்த பயணம்தான். ஆனாலும் குண்டும் குழியுமான சாலையில் இப்படிப்பட்ட கூண்டு என்ன தாங்கும் என்பதற்கு அது பெரிய சோதனை.

ரிவெட்டின் இன்னொரு குணம் நம் விவாதத்துக்கு இன்னும் முக்கியமானது. அதைக் கழற்றலாம். தலையின் நட்டநடுவில் புள்ளி குத்தி, தண்டின் கனத்துக்குச் சரியான டிரில்லால் தலையின் ஆழம்வரை மட்டும் துளைத்து, ஒரு பஞ்சை வைத்து லேசாகத் தட்டினால் தலை கழன்று விழும். தண்டு உள்பக்கம் வெளியேறும். துளை கோணிப்போனால் 3.2 மில்லிமீட்டர் ரிவெட் இருந்த இடத்தில் 4 மில்லிமீட்டர் ரிவெட் போட்டுக்கொள்ளலாம். நசுங்கிய ஒரு தகட்டை மட்டும் எடுத்துவிட்டு அதையே மாதிரியாக வைத்துப் புதுத்தகடு வெட்டலாம். புதுத்தகட்டைத் துளைக்குத் துளை பொருத்தி நிறுத்த, விமானத் தொழிலில் பயன்படும் கிளிகோ என்ற சிறு ஸ்பிரிங் பிடிப்பான் உண்டு. எந்த அளவுத் துளைக்கு எது என்று நிறத்திலேயே தெரியும்: 3.2 மில்லிமீட்டருக்குச் செம்பு நிறம், 4 மில்லிமீட்டருக்குக் கறுப்பு. வரிசையாக அவற்றைக் குத்தி நிறுத்திய பிறகு ஒன்றொன்றாக எடுத்துவிட்டு ரிவெட் அடிக்க வேண்டும். வெளியே ஒருவர் காற்றுச் சுத்தியலோடு, உள்ளே ஒருவர் கனத்த எஃகுக் கட்டியோடு. வெளியே அடிக்கும்போது உள்ளே கட்டி தண்டின் முனையை அழுத்திப் பரப்பும். கட்டி கோணலாகப் பிடித்தால் முனை சாயும், அதிகம் அடித்தால் தகடு குழியும். அந்த ஜோடிக்குப் பழகிவிட்டால் சத்தத்திலேயே ரிவெட் சரியாக உட்கார்ந்ததா என்று தெரிந்துவிடும். உள்சுவரைப் பிரிக்க முடியாத இடங்களுக்கு வெளியிலிருந்தே இழுத்துப் பொருத்தி, தலையை வழித்துவிட்டால் பழையதுபோலவே தெரியும் ரிவெட்டுகளும் கிடைக்கின்றன. இன்றைய கேம்பர்கள் பலவற்றில் சுவர் என்பது ஃபைபர் கிளாஸ், நுரை, பிளைவுட் மூன்றையும் பசையால் ஒட்டிய பலகை. நீர் புகுந்து பசை விட்டுப்போனால் பலகை உப்பிக்கொள்ளும். எந்தப் புள்ளியில் கழற்றித் திருத்துவது என்ற கேள்விக்கே அங்கு இடமில்லை.

இவ்வளவு கெட்டியான கூண்டு எதனால் சாகிறது? பெரும்பாலும் தண்ணீரால். அலுமினியம் தன்மேல் தானே ஒரு மெல்லிய ஆக்சைடு படலத்தைப் போர்த்திக்கொள்ளும். மழை அதை ஒன்றும் செய்யாது. ஆனால் தரை பிளைவுட். ஜாக் பொருத்திய மூலைகளுக்குள்ளும் மரம். ஜன்னல் ஓரம், கூரையிலுள்ள காற்றுத்துளை, விளக்குக் கூடு, தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும் விளிம்பு என்று எங்காவது இணைப்பை அடைத்திருக்கும் சீலன்ட் பூச்சு வறண்டு வெடித்தால் அங்கே நீர் நுழைகிறது. வெடிப்பதற்குக் காரணமும் உண்டு. மூன்று மீட்டர் நீளமுள்ள அலுமினியத் தகடு, இரவுக்கும் பகலுக்கும் இடையில் 40 டிகிரி வெப்ப வேறுபாட்டில் ஏறக்குறைய மூன்று மில்லிமீட்டர் நீண்டு சுருங்கும். அதன் கீழுள்ள மரம் அவ்வளவு நீளாது. ஆண்டுக்கணக்கில் இந்த இழுபறியைத் தாங்க வேண்டியது இடையிலுள்ள சீலன்ட்தான். நுழைந்த நீர் நுழைந்த இடத்தில் நிற்பதில்லை. விலாவின் வழியே இறங்கி, சுவருக்குள்ளிருக்கும் கண்ணாடிப் பஞ்சில் ஊறி, கடைசியில் தரையின் ஓரத்துக்கு வந்து சேரும். மேலே விரிப்பு இருப்பதால் கண்ணுக்குத் தெரியாது. ஒரு ஸ்குரூ டிரைவரால் மூலைகளில் குத்திப் பார்த்தால் மரம் களியாக உள்ளே வாங்கும். ஜாக் நிற்கும் மூலை இப்படி உளுத்திருந்தால் அது பழுது என்ற நிலையைத் தாண்டி ஆபத்தாகிவிடுகிறது. லாரியை வெளியே எடுத்த நேரத்தில் கூண்டு சரிந்து விழும்.

நிறுத்திவைத்த கூண்டுக்கும் ஓடுகிற கூண்டுக்கும் உள்ள வித்தியாசம் இங்கேதான் தெரிகிறது. பயணத்தில் இருக்கும் கேம்பரில் மழையன்று யாரோ படுத்திருக்கிறார்கள். தலையணை நனைந்தால் அன்றே தெரியும். மறுநாள் காலை ஏணி போட்டு ஏறிப் பார்ப்பார்கள். களஞ்சியத்திலோ கொட்டகைக்கு வெளியிலோ பத்து வருடம் நின்றதில் அதே ஒழுகல் பத்து மழைக்காலம் வேலை பார்த்திருக்கும். எலிகளும் வரும். சுவருக்குள்ளிருக்கும் கண்ணாடிப் பஞ்சு அவற்றுக்கு மெத்தை. எலியின் சிறுநீர் அலுமினியத்தை அரிக்கும் என்பது விமானம் பராமரிப்பவர்களுக்கு நன்றாகத் தெரிந்த தொல்லை. உள்சுவரைப் பிரித்தால் அந்த இடங்களில் தகடு வெள்ளைப் பொடியாகப் பூத்துக் கிடக்கும். காற்றோட்டம் இல்லாமல் பூட்டிக் கிடப்பதால் ஈரம் வெளியேறவும் வழியில்லை. கேஸ்கெட்டுகள் வறண்டு இறுகிப்போகும். ‘அதிகம் ஓடாத வண்டி, பத்திரமாக நிறுத்தியிருந்தார்கள்’ என்று சொல்லி விற்கப்படும் கூண்டை வாங்குகிறவர் அதற்காகவே கூடுதல் விலை கொடுப்பது பல நேரங்களில் வீண். பத்திரம் என்று சொல்லப்படும் அந்த வருடங்கள்தான் மரத்தைத் தின்றிருக்கும். ஒழுகலைக் கண்டுபிடிக்க நல்ல முறை ஒன்று இருக்கிறது. ஒரு காற்றூதியை வைத்து உள்ளே சற்றே அழுத்தம் ஏற்றிவிட்டு, வெளிப்புறம் முழுவதும் சோப்பு நீர் தெளித்தால் ஓட்டை இருக்கும் இடத்தில் குமிழி கிளம்பும். ரிவெட் தலை ஒன்றின் ஓரத்திலிருந்துகூடச் சின்னஞ்சிறு குமிழிகள் தொடர்ந்து வருவதைப் பார்க்கலாம். ஆண்டுக்கு ஒருமுறை இதைச் செய்ய அடுத்த பயணம் ஒரு காரணமாக அமைகிறது. எங்கும் போகாத கூண்டுக்கு அந்தக் காரணம் இல்லை.

மெருகு விஷயத்துக்கு வருவோம். முகம் தெரிகிற அளவுக்குப் பளபளக்கும் வெள்ளி வண்டிதான் பத்திரிகைப் படங்களில் வருகிறது. சீர்செய்வது என்றாலே அதுதான் என்று பலர் நினைத்துவிட்டார்கள். அலுமினியத்தைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்தவர்கள் அப்படி நினைக்க மாட்டார்கள். விமானத் தகடாகப் பயன்படும் 2024 வகைக் கலவையில் செம்பு கலந்திருக்கும். அது பலம் தரும், கூடவே அரிப்புக்கும் இடம் கொடுக்கும். அதனால் தகட்டின் இரு பக்கமும் ஏறத்தாழத் தூய அலுமினியத்தை மெல்லிய படலமாக வைத்து உருட்டுகிறார்கள். அந்தப் படலம் பக்கத்துக்குத் தகட்டின் கனத்தில் சுமார் 5 விழுக்காடு. 0.8 மில்லிமீட்டர் தகட்டில் கணக்குப் போட்டால் 40 மைக்ரான், தலைமுடியின் கனத்தைவிடக் குறைவு. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, மெஷினில் மெருகேற்றி, மங்கியதும் மறுபடி தேய்த்துக்கொண்டே போனால் காப்பாக இருந்த படலமே போய்விடும். ஏவியான் வண்டிகளின் கதை இன்னும் தெளிவானது. அவற்றின் தோல் ஆனோடைஸ் செய்யப்பட்டது; மின்வேதி முறையில் ஆக்சைடு படலத்தைக் கெட்டிப்படுத்தியிருப்பார்கள். அதனால் அது கண்ணாடிபோல மின்னாது, பால் கலந்த சாம்பல் நிறத்தில் அடங்கித் தெரியும். அதை மின்ன வைக்க வேண்டுமென்றால் அந்தப் படலத்தை உரித்தெடுக்க வேண்டும். அரை நூற்றாண்டு வெயிலையும் பனியையும் தாங்கிய காப்பை அழகுக்காக உரிப்பதை எந்தக் கணக்கில் சேர்ப்பது? சோப்பு நீரில் கழுவிவிட்டு அப்படியே விடுவதுதான் அந்தத் தோலுக்குச் செய்யும் மரியாதை.

ஓட்டினால் தேய்மானம் வருமே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அதிர்வில் ரிவெட் தளரும். கல் தெறிக்கும். ஆலங்கட்டி மழை கூரையில் பள்ளம் பள்ளமாகப் பதித்துவிடும். முகாமிடத்தில் தாழ்ந்த கிளை ஒன்று காற்றுத்துளையின் மூடியைப் பெயர்த்தெடுக்கும். அருங்காட்சியகத்தில் இவை எதுவும் நடக்காது. ஆனால் இந்தச் சேதங்களைக் கூர்ந்து பாருங்கள்: எல்லாமே வெளிப்புறத்தில், கண்ணுக்குத் தெரியும்படி, ஓரிடத்தில் நடப்பவை. தளர்ந்த ரிவெட்டைச் சுற்றித் தகட்டின் உராய்வால் கறுப்புக் கசிவு தெரியும். விமானப் பராமரிப்பில் அந்தக் கறையைப் பார்த்துத்தான் எதை மாற்றுவது என்று முடிவெடுக்கிறார்கள். ரிவெட் முறையில் இப்படிப்பட்ட சேதத்தை ஒன்றொன்றாகச் சரிசெய்துவிடலாம். ஓடாமல் நிற்பதால் வரும் சேதம் உள்ளுக்குள், மறைவில், எல்லா இடத்திலும் ஒரே சமயத்தில் நடக்கிறது. தெரியவரும்போது கூண்டின் உள்ளே இருந்ததெல்லாம் போய்த் தோல் மட்டும் மிஞ்சியிருக்கும். குளிரும் ஈரமும் கட்டுப்படுத்தப்பட்ட கூடத்தில் வைத்துக் காக்கலாம்; அதற்கு ஆளும் பணமும் உள்ள நிறுவனங்கள் செய்யலாம். ஸ்டைன்பெக்கின் ரோசினாந்தே கலிஃபோர்னியாவின் சலினாஸ் நகரில் அவர் பெயரிலுள்ள மையத்தில் அப்படித்தான் இருக்கிறது, இருக்க வேண்டியதும்தான். அதில் பயணம் செய்தவர் யார் என்பதால் அதற்கு அந்த இடம். பெயர் தெரியாத குடும்பங்கள் மீன்பிடிக்கவும் மலை பார்க்கவும் ஏறிப்போன மற்றக் கூண்டுகளுக்கு அந்த வசதி கிடைக்கப்போவதில்லை.

நல்லெண்ணத்தோடு செய்யும் புதுப்பிப்பே கூண்டைக் கெடுப்பதும் உண்டு. அலுமினியமும் இரும்பும் ஒட்டியிருக்க, இடையில் ஈரமும் சேர்ந்தால் அது ஒரு சின்ன பேட்டரி. அதில் கரைவது அலுமினியம். கடற்கரை ஊர்களிலும், பனி உருகச் சாலையில் உப்புத் தூவும் மாநிலங்களிலும் சாதாரண இரும்பு ஸ்குரூவைச் சுற்றி வெள்ளைப் பொடி பூப்பது இதனால்தான். இனி உளுக்கவே கூடாது என்று யோசித்து மருந்தேற்றிய பிளைவுட்டைத் தரைக்குப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த மருந்தில் பெரும்பாலும் செம்பு உப்பு இருக்கிறது. அது மரத்தைக் காப்பாற்றிவிட்டு, மரத்தைத் தொட்டுக்கொண்டிருக்கும் அலுமினியத்தைத் தின்றுவிடும். மருந்தேற்றாத கடல்தர பிளைவுட்டை வாங்கி, ஓரங்களை எபாக்ஸி பூசி அடைத்துப் போடுவதே சரியான வழி. ஒழுகும் இடமெல்லாம் சிலிக்கோனைப் பிதுக்கிவைப்பது இன்னொரு தவறு. அதன்மேல் பிறகு எந்தப் பூச்சும் ஒட்டாது, சிலிக்கோனேகூட ஒட்டாது. அடுத்து வருகிறவர் ஒவ்வொரு இணைப்பையும் சுரண்டிச் சுத்தம் செய்தே ஆக வேண்டும். இணைப்போடு சேர்ந்து நீளவும் சுருங்கவும் கூடிய பாலியூரித்தேன் வகைதான் அங்கே பொருந்தும்.

எல்லாவற்றிலும் பெரிய தவறு எடையில் நடக்கிறது. பழைய உள்ளலங்காரத்தைப் பிடுங்கிவிட்டு கனத்த மர அலமாரி, கல் மேடை, பெரிய பேட்டரி என்று ஏற்றுகிறார்கள். பார்வைக்கு வைக்கும் கூண்டில் இது யாருக்கும் தெரியாது. லாரியில் ஏற்றியதும் எடைமேடை சொல்லிவிடும். லாரி இவ்வளவுதான் சுமக்கலாம் என்று அதன் கதவோரத்தில் ஒட்டியிருக்கும். அந்த அளவுக்குள் கூண்டு மட்டுமல்ல. தண்ணீர், காஸ் சிலிண்டர், சாப்பாட்டுச் சாமான், ஏறி உட்காரும் ஆட்கள் எல்லாமே அடங்க வேண்டும். நூறு லிட்டர் தண்ணீர் என்பது நூறு கிலோ. எவ்வளவு எடை என்பதோடு அது எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதும் முக்கியம். கூண்டின் எடைமையம் பின் அச்சுக்குச் சற்று முன்னால் விழ வேண்டும். பின்னால் விழுந்தால் முன்சக்கரங்கள் லேசாகி ஸ்டியரிங் கையில் மிதக்கும்; பிரேக் பிடிக்கும்போதும் முன்சக்கரம் செய்ய வேண்டிய வேலையைச் செய்யாது. 1970-களில் அமெரிக்க அரசு, லாரியில் ஏற்றும் கேம்பர்களைச் செய்கிறவர்கள் அவற்றின் அதிகபட்ச எடையை வண்டியிலேயே ஒட்டி, எடைமையம் எங்கே இருக்கிறது என்பதையும் வாங்குபவருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று விதித்தது. அதற்கு முந்தைய கூண்டுகளில் அந்தத் தகவலே கிடையாது. சீர்செய்கிறவர்தான் அச்சுக்கு அச்சு எடை போட்டுக் கண்டுபிடிக்க வேண்டும். அந்தக் காலத்துத் தச்சர்கள் மெல்லிய பலகையால் அலமாரி செய்தது கஞ்சத்தனத்தால் அல்ல. எடை என்ன செய்யும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. ஓட்டிப்போகும் எண்ணத்தோடு சீர்செய்கிறவருக்குத்தான் இந்தக் கட்டுப்பாடு தானாக வருகிறது.

ஐம்பது வருடப் பழைய பொருளில் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு போவது பாதுகாப்பா என்ற கேள்விக்கு டிரக் கேம்பர் மற்ற வண்டிகளைவிட நல்ல பதில் வைத்திருக்கிறது. கூண்டு பழையதாக இருக்கலாம், லாரி பழையதாக இருக்க வேண்டியதில்லை. டிஸ்க் பிரேக்கும் ஏபிஎஸ்ஸும் உள்ள இன்றைய லாரியில் அன்றைய கூண்டை ஏற்றலாம். இதில் ஒரு சிக்கல் உண்டு. இன்றைய லாரிகளின் பின்தொட்டி அன்றையதைவிட ஆழம், பக்கச் சுவர்கள் உயரம். பழைய கூண்டின் இரு பக்கச் சிறகுகள் அந்தச் சுவரில் முட்டும், படுக்கைப் பகுதி லாரிக் கூரையில் இடிக்கும். அடியில் பலகையோ கெட்டி நுரையோ வைத்துக் கூண்டை உயர்த்த வேண்டியிருக்கிறது. உயர்த்தினால் எடைமையமும் உயரும், குறுக்குக்காற்றில் ஆட்டம் கூடும். ஆகவே கூண்டுக்கேற்ற லாரியைத் தேடுவதற்குச் செலவிடும் நேரம் வீணல்ல. மாற்றியே தீர வேண்டியவையும் இருக்கின்றன. பழைய காஸ் குழாய்கள், ஹீட்டர், துணி சுற்றிய அல்லது வறண்டு வெடித்த மின்கம்பிகள் ஆகியவற்றை அசல் என்பதற்காக வைத்துக்கொள்வது உயிரோடு விளையாடுவது. இறுக மூடிய சின்னக் கூண்டுக்குள் சரியாக எரியாத காஸ் அடுப்பு உண்டாக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. அதைக் கண்டுபிடித்துக் கூவும் கருவி இல்லாமல் ஓர் இரவுகூட உள்ளே படுக்கக் கூடாது.

அப்படியென்றால் அசல்தன்மை என்ன ஆவது? பழம்பொருள் அன்பர்கள் இதை மனவருத்தத்தோடு கேட்கிறார்கள். அந்த வருத்தத்தை நான் மதிக்கிறேன். கண்டபடி பிடுங்கி எறிந்துவிட்டு உள்ளே நவீன விடுதி அறை ஒன்றைக் கட்டுவது எனக்கும் உடன்பாடில்லை. ஆனால் இந்தக் கூண்டில் பழமையின் சாரம் எங்கே இருக்கிறது? அன்றைய தொழிலாளி வளைத்த விலாவிலும், அவர் அடித்த ரிவெட் வரிசையிலும், இடத்தைச் சிக்கனமாகப் பங்கிட்ட அமைப்பிலும்தான். அடுப்பும் குளிர்பெட்டியும் கம்பியும் அன்றைக்கே தேய்ந்தால் மாற்றுவதற்கென்று வெளிக் கம்பெனிகளிடம் வாங்கிப் பொருத்தியவை. முதல் வகையைக் கூடியவரை காப்பதும், இரண்டாவது வகையைத் தயங்காமல் மாற்றுவதும், மாற்றியதைக் குறித்துவைப்பதும் நியாயமான வழி. அலமாரிகளைப் பொறுத்தவரை நான் பழைமைவாதிகள் பக்கம். கெடாத பலகையைத் தூக்கியெறிய எந்தக் காரணமும் இல்லை.

செலவு பற்றியும் நேராகப் பேசிவிடலாம். தன் உழைப்புக்கு மணிக்கணக்கில் கூலி போட்டுப் பார்த்தால் இது கட்டுப்படியாகாது. புதிதாக ஒரு சாதாரண கேம்பர் வாங்குவதே பல சமயம் மலிவாக முடியும். சூழலுக்கு நல்லது என்று இதற்குப் பட்டம் கட்டவும் முடியாது. பெரிய லாரியின் மேல் இவ்வளவு உயரமான பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனால் எரிபொருள் கரைந்துகொண்டே இருக்கும். கூண்டைச் செய்த அலுமினியத்தைப் பற்றி மட்டும் ஒன்று சொல்லலாம். தாதுவிலிருந்து ஒரு கிலோ அலுமினியம் பிரிக்கச் சுமார் 14 யூனிட் மின்சாரம் வேண்டும். 1960-களில் செலவான அந்த மின்சாரம் இன்னும் அந்தத் தகட்டில் இருக்கிறது. உருக்கி மறுபடி எடுக்க அதில் இருபதில் ஒரு பங்கே போதும் என்பதால் உருக்கிவிடலாமே என்று சிலர் சொல்கிறார்கள். உருக்கினால் உலோகம் கிடைக்கும், கைவேலை கிடைக்காது. உளுத்துத் தகடும் கிழிந்துபோன கூண்டை உருக்குவதில் எனக்கு மறுப்பு இல்லை. தோலும் விலாவும் நன்றாயிருக்கும்போது மரம் போயிற்று என்பதற்காக உருக்குவதுதான் பெரிய வீண்செலவு.

ஓட்டிப்போகிறவர் கற்றுக்கொள்ளும் பாடங்கள் கூண்டுக்கும் உதவுகின்றன. ஒன்றைச் சொல்கிறேன். குளிர்காலக் காலையில் விலாக்களின் வரிசையில் நீர் முத்து முத்தாகக் கோத்து நிற்கும். கூரை ஒழுகுகிறது என்று பயந்து சீலன்ட்டைத் தேடுவார்கள். பெரும்பாலும் அது ஒழுகல் இல்லை. அலுமினியம் வெப்பத்தை இரும்பைவிட வேகமாகக் கடத்தும். வெளித்தோலின் குளிர் விலா வழியே உள்ளே வந்துவிடும். இரண்டு பேர் இரவு முழுவதும் விடும் மூச்சில் சுமார் அரை லிட்டர் நீர் இருக்கும்; அடுப்பில் ஒரு கிலோ புரோபேன் எரிந்தால் ஒன்றரைக் கிலோவுக்கு மேல் நீராவி வரும். அதெல்லாம் குளிர்ந்த விலாவில் வந்து படிகிறது. கூரைத் துளையை இரண்டு விரல் அகலம் திறந்துவைத்து, ஒரு ஜன்னலையும் லேசாகத் தள்ளிவைத்தால் போய்விடும். உள்சுவரைப் பிரித்திருக்கும் சமயத்திலேயே விலாவுக்கும் உள்தகட்டுக்கும் நடுவே வெப்பம் கடத்தாத நாடாவை ஒட்டிவிட்டால் பாதித் தொல்லை குறையும். வெயில் காலத்தில் இதற்கு எதிர்த்திசையில் அதே கதை நடக்கும். இதைப் படுத்துப் பார்த்து அறிந்தவர், சுவரை மூடுவதற்கு முன்பே நாடாவை ஒட்டுவார்; காற்றுத்துளையை அடைத்து ஏசி பொருத்தும் யோசனையை இன்னொரு முறை யோசிப்பார். சீர்செய்யத் தொடங்குகிறவர்களுக்கு அதனால் என் பரிந்துரை இது: தரையையும் ஜாக் மூலைகளையும் காஸையும் கம்பிகளையும் முதலில் சரிசெய்து, ஒழுகலை அடைத்து, அலமாரியைத் தொடும் முன் ஒரு மழைக்காலமும் ஒரு குளிர்காலமும் அருகிலுள்ள ஊர்களுக்கு ஓட்டிப் பார்க்க வேண்டும். எந்த விலாவில் நீர் கோக்கிறது, எந்தக் கதவு குலுங்கித் திறக்கிறது, எடைமேடையில் பின் அச்சு என்ன காட்டுகிறது என்று ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே என்ன கட்டுவது என்பதை அந்த நோட்டைப் பார்த்து முடிவு செய்யலாம்.